பட்டை பச்சையாகத்தான் இருந்தது

ஜெபராஜ் டீம் எடுத்தபோது யாருடைய ஆட்டத்தையும் பார்க்கவில்லை. விடுதி வராந்தாவில் எங்களை வரிசையாக நிறுத்தி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டச் சொன்னான். கோழிக்கடைக்கு வந்தவனைப் போல ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

“நீ நல்லா பந்து போடுவல. ஆனா செவப்பா இருக்க. போய் உக்காரு.”

“லே, போன வருசம் அஞ்சு விக்கெட் எடுத்தேன்.”

“போன வருசத்து வெயிலு வேற.”

வரிசையின் கடைசி ஆள் பேச்சிமுத்து. அவன் கையைத் திருப்பிப் பார்க்கக்கூட ஜெபராஜுக்குத் தேவைப்படவில்லை. குரலை இறக்கி, “பேச்சி அண்ணே, நீங்கதான் ஓப்பனிங்” என்றான்.

பேச்சிமுத்து திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.

இருவரும் ஒரே வகுப்பு. பேச்சியை அதுவரை யாரும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. முந்தைய வருடம் வரை அவன் பெயர் ‘கரண்ட் கட்டு’. அவன் அறைக்குள் வந்தால் யாராவது எழுந்துபோய் லைட் சுவிட்சைத் தட்டுவார்கள்; எல்லாரும் சிரிப்பார்கள்; அவனும் சிரிப்பான். இப்போது அதே ஆட்கள் அவனுக்கு நாற்காலி போட்டார்கள். நடுவில் மாறியது வானம் மட்டும்தான்.

அந்த வானத்தைப் பற்றி ஹெலன் மேடம் எங்களுக்குப் பாளையங்கோட்டைத் தமிழில் விளக்கினார். அவர் பௌதிகத்துறை, கல்லூரியில் எல்லாருக்கும் மணிக்கட்டுப் பட்டை கட்டிவிடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது.

“மேல ஆயிரக்கணக்குல சாட்டிலைட் விட்டாங்க. ஆயுசு முடிஞ்சதெல்லாம் எரிஞ்சு விழுது. அந்தச் சாம்பல் ஓசோனக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டுது.”

“எதுக்கு மேடம் அத்தன சாட்டிலைட்டு?”

“நீ பாடவேளையில ரீல் பாக்கியே, அதுக்கு.”

கேட்டவன் போனைப் பைக்குள் போட்டான். ஓசோனுக்கு அதனால் பெரிய நன்மை இல்லை.

மேடம் தொடர்ந்தார். “வெயில் சுடுறது வேற, எரிக்கிறது வேற. சுடுறது ஒடனே தெரியும். எரிக்கிறது சாயங்காலம்தான் தெரியும். சாரல் அடிக்கு, காத்து சில்லுனு இருக்குன்னு வெளிய நிக்காதீங்க. மேகம் சூட்டத்தான் தடுக்கும், இத முழுசா தடுக்காது. பட்டை இல்லாத நேரத்துல ஒங்க நிழலப் பாருங்க. நிழல் ஒங்களவிடக் குட்டையா இருந்தா உள்ள போயிருங்க.”

பாளையங்கோட்டையில் சித்திரை மாத மத்தியானத்தில் நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். குட்டையா நெட்டையா என்று பார்க்க ஒன்றும் இருக்காது.

பட்டை கட்டுகிற இயந்திரம் ரேஷன் கடையில் விரல் வைக்கிற பெட்டி மாதிரி இருந்தது. முன்கையின் உட்புறத்தை அதன்மேல் வைத்தால், தோலின் நிறத்தைப் பார்த்து ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு ரகம் சொல்லும். அதற்கப்புறம் பட்டை தானாகக் கணக்குப் போடும்: இன்றைக்கு வெயில் இவ்வளவு, இந்தத் தோல் இவ்வளவு தாங்கும். பச்சை என்றால் நிற்கலாம், மஞ்சள் என்றால் கிளம்பலாம், சிவப்பாகிக் கீச்சென்று கத்தினால் ஓடவேண்டும். ஜெபராஜ் மூன்றாம் ரகம். நான் நான்கு. விடுதியில் பேச்சிமுத்து ஒருவன்தான் ஆறு.

ஊரே அரிசி வாங்கப் போவதுபோல ரகம் பேச ஆரம்பித்தது. கல்யாண விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ போய் ‘ஐந்தாம் ரகத்துக்குக் கீழ் தொடர்பு கொள்ள வேண்டாம்’ வந்தது. பூச வேண்டிய களிம்பை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. முகத்துக்கு மட்டும் இரண்டு விரல் நீளம் வேண்டும் என்று மேடம் தொண்டை வறளச் சொன்னார். எங்கள் ஆட்கள் விபூதி அளவுக்கு எடுத்து நெற்றியில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

பேச்சிமுத்துவின் பொழுது வெளியிலேயே கழிந்தது. ஜெராக்ஸ் எடுக்க, டீ வாங்க, கொடியில் காயும் துணியை எடுக்க, எல்லாவற்றுக்கும் “அண்ணே” என்று ஒரு குரல் வரும். அவன் சளைக்காமல் போனான். அவனைக் கூப்பிடுகிறார்கள் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இது தெரிய இருபத்து மூன்று வருடம் ஆனது. கேட்பவர்களும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

பேச்சிமுத்து தினமும் முகத்துக்குச் சிவப்பழகு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தான். ‘பால்நிலா’ என்று பெயர். ரோஜாவும் கொஞ்சம் பினாயிலும் கலந்த வாசம். ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்தது. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் அவன் முகம் மட்டும் விழவில்லை என்று போட்டோக்காரர் எல்லார் முன்னாலும் லைட்டை அவன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் வாங்கிய முதல் டப்பா. ஊரே ஆறாம் ரகத்துக்கு ஏங்கத் தொடங்கிய பிறகும் அவன் நிறுத்தவில்லை. உலகம் மாறியதை அவன் பட்டையில் பார்த்தான். கண்ணாடியில் அந்தப் பழைய போட்டோதான் தெரிந்தது.

கைக்குப் போடவில்லை, முகத்துக்கு மட்டும். அதனால் இயந்திரம் கையைப் பார்த்து ஆறு என்றது. அந்த க்ரீம் முகத்துத் தோலை வெங்காயச் சருகாக்கி வைத்திருந்தது அதற்குத் தெரியாது.

மேடம் இதற்கும் பதில் சொல்லியிருந்தார். வகுப்பில் யாரோ, “ஆறாம் ரகம் எரியவே எரியாதா மேடம்?” என்று கேட்டான்.

“எரியும்ப்பா. லேட்டா எரியும். செவப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். பொறங்கைய வச்சுப் பாத்தா சூடு தெரியும். பட்டை வெறும் கணக்குதான் போடும். மூஞ்சில என்ன தேய்ச்சிருக்க, என்ன மாத்திரை முழுங்கியிருக்க, அதுக்கென்ன தெரியும்? பட்டை என்ன சொன்னாலும் சரி, எரிஞ்சா உள்ள வந்துரணும்.”

பேச்சிமுத்து அன்றைக்கு வகுப்பில் இல்லை. மேடத்துக்கு டீ வாங்கப் போயிருந்தான்.

இனி சித்திரை மேட்ச். விடுதிப் பையன்களுக்கும் வீட்டிலிருந்து வருகிற பையன்களுக்கும் வருடா வருடம் உச்சி வெயிலில் நடக்கிற ஆட்டம் அது. மத்தியான நேரத்துக்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. உடற்பயிற்சி ஆசிரியர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம். நான் சேர்ந்த காலத்திலேயே அந்த ஆசிரியர் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. நேரத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஜூன் மாதத்திலிருந்து பகலில் மைதானங்களைப் பூட்ட உத்தரவு வந்திருந்ததால் இதுதான் கடைசி மேட்ச் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பட்டை சிவந்தால் ஆட்டக்காரன் வெளியேற வேண்டும் என்கிற ஒரே நிபந்தனையில் அனுமதி கிடைத்தது.

அதுவரைக்கும் பேச்சிமுத்து எல்லா மேட்சிலும் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர் கொண்டுபோவான். இந்த ஒரு மேட்சில் கடைசிவரை நடுவில் நிற்கவேண்டும் என்று என்னிடம் சொன்னான். ஜெயிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை.

“மட்டையப் பிடிக்கத் தெரியுமா பேச்சி?”

“பிடிப்பேன். அடிக்கத்தான் தெரியாது.”

ஜெபராஜ் அதற்கும் தைரியம் சொன்னான். “அடிக்கவே வேணாம்ண்ணே. நீங்க நின்னா போதும். அவனுவள்ல முக்காவாசி நாலாம் ரகம். தன்னால உள்ள போயிருவானுவ.”

அப்படியேதான் ஆனது. நான் கட்டட நிழலில் மைக் வைத்து வர்ணனை செய்துகொண்டிருந்தேன். எதிரணி முதலில் ஆடி ஒரு சுமாரான கணக்கை வைத்துவிட்டு, எங்களுக்குப் பந்து போட இறங்கியது. அரைமணி நேரம் வழக்கமான கிரிக்கெட். பிறகு மைதானத்தின் ஒரு மூலையில் கீச்சென்று ஒரு சத்தம். ஒருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஓடினான். இன்னொரு மூலையில் இன்னொரு கீச். எங்கள் பக்கத்திலும் மட்டைக்காரர்கள் அவுட்டாகாமலேயே ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஜெபராஜ் நான்கு பந்துதான் பார்த்தான். அவன் பட்டை கத்தியபோது நாங்கள் கைதட்டினோம். அம்பயர் குடைபிடித்து நின்றார். தரையிலிருந்து எதிரொளித்ததில் அவருடைய பட்டையும் கத்த, வராந்தாவுக்கு வந்து என்னிடமிருந்து மைக்கை வாங்கித் தீர்ப்புச் சொன்னார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அந்தப் பெரிய வெள்ளை மைதானத்தில் இரண்டே பேர். ஒரு முனையில் மட்டையோடு பேச்சிமுத்து. மறுமுனையில் பந்தோடு சுடலைமணி, எதிரணியின் ஒரே ஆறாம் ரகம். வணிகவியல் படித்தான், பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவான். ஃபீல்டர் யாரும் இல்லை என்பதால் ஓட்டம் செல்லாது, கோட்டைத் தொட்டால் மட்டும் நாலு என்று அங்கேயே ஒரு விதி செய்துகொண்டோம். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நாலு.

சுடலை பந்து போடுவான். பேச்சி தடுப்பான். பந்து எங்கே போனாலும் சுடலையே போய் எடுத்துவர வேண்டும். பேச்சிக்குப் பாவமாகிவிட்டது போல. பாதி தூரம் அவனும் கூடப் போவான். இருவரும் பேசாமல் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். இருநூறு பேர் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். காகம்கூட இல்லை. நான் பார்த்த காட்சிகளில் அதைவிட அழகானது எதுவும் இல்லை. அதைவிட முட்டாள்தனமானதும் இல்லை.

பேச்சி அடிக்கடி தோளைத் தூக்கிக் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு எடுப்பதைப் பார்த்தேன். வேர்வை துடைக்கிறான் என்று மைக்கில் சொன்னேன். துடைக்கிறவன் அழுத்தித் துடைப்பான். இவன் சட்டை பட்டதும் முகத்தை இழுத்துக்கொண்டான். ஹெலன் மேடம் என் பக்கத்தில் வந்து நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அவன் பட்டை என்ன கலரு?”

“பச்சதான் மேடம். இங்கேருந்தே தெரியுதே.”

“கூப்பிடு அவன.”

மைக்கில் கூப்பிட்டேன். “பேச்சிமுத்து, எரியுதான்னு மேடம் கேக்காங்க.”

அவன் கையைத் தூக்கிப் பட்டையைக் காட்டினான். பச்சை. இருநூறு பேரும் கத்தினார்கள். “பேச்சி அண்ணே, பேச்சி அண்ணே” என்று ஒரு தாளம் கிளம்பியது. ‘கரண்ட் கட்டு’ என்று பெயர் வைத்தவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

எரிகிறது என்று சொன்னால் ஏன் எரிகிறது என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் டப்பா வெளியே வரும். அத்தனை பேர் தன் தோலுக்காகக் கத்திக்கொண்டிருக்கும்போது, அந்தத் தோலைத்தான் தினமும் தேய்த்து அழித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதைவிட, எரிவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அடுத்த பந்தை அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அடித்தான். கண்ணை மூடிக்கொண்டு வீசியிருக்க வேண்டும். பந்து உருண்டது, உருண்டது, சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது.

தொட்டதா இல்லையா என்று பார்க்க இருவரும் நடந்தார்கள். பந்துக்கு மேலே குனிந்து நின்றார்கள். வெகுநேரம் நின்றார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. பிறகு சுடலை கையை நீட்டினான், பேச்சியும் கை கொடுத்தான். இருவரும் பந்தை அங்கேயே போட்டுவிட்டு நேராகக் குழாயடிக்குப் போய், தொட்டிக்குள் தலையை விட்டார்கள்.

ஒன்றும் புரியாத வர்ணனையாளன் என்ன செய்வானோ அதை நான் செய்தேன். “வெற்றியைவிட நட்பே பெரிதென்று இரு வீரர்களும் ஆட்டத்தைச் சமனில் முடித்துக்கொண்டார்கள்” என்றேன். கைதட்டல் அடங்க நேரமானது. மேடம் மட்டும் கைதட்டாமல் குழாயடிக்கு நடந்து, இருவர் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் பௌதிகத்துறை வாசலில் சாக்பீஸால் ஒரு வரி எழுதியிருந்தது: ‘பட்டை பச்சையானாலும் எரிந்தால் உள்ளே வா.’ யாருக்கு என்று எழுதவில்லை.

இருபத்து மூன்று வருடம். இப்போது எங்கள் மைதானத்துக்குக் கூரை போட்டு, திறப்புவிழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஒரு வாசலுக்குப் பேச்சிமுத்து, சுடலைமணி இருவர் பெயரையும் வைக்கிறார்கள். என் வர்ணனை கல்லூரி மலரில் ஏறி, அங்கிருந்து முதல்வரின் எல்லா உரைகளிலும் ஏறிவிட்டது. பேச்சியை மேடையில் பேச வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சுடலை பேச முடியாது. அவன் மின்வாரியத்தில் ஆறாம் ரகப் பிரிவில் இருந்தான். பகலில் கம்பம் ஏற அவர்களைத்தான் அனுப்புவார்கள். கன்னத்தில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. பட்டை ஒருநாளும் சிவந்ததில்லை என்பதால் டாக்டரிடம் சீக்கிரம் காட்ட அவனுக்கும் தோன்றவில்லை, புற்றுநோயாக இருக்கும் என்று பார்த்த முதல் டாக்டருக்கும் தோன்றவில்லை. போன வருடம் இறந்துபோனான்.

அவன் தங்கை பூங்கோதைதான் பேச்சியின் மனைவி. நான் போனபோது காப்பி வைத்துவிட்டு அண்ணன் படத்துக்கு முன்னால் விளக்கைத் தூண்டிவிட்டுப் போனாள்.

“மேடையில என்னத்தப் பேச?” என்றான் பேச்சி. முகத்தை மறைக்க வளர்த்த தாடி நரைத்திருந்தது. “நட்பு, பெருந்தன்மைன்னு நீ மைக்குல விட்டதத்தான் எல்லாரும் கேப்பானுவ.”

“அப்ப அங்கன என்னதான் நடந்துச்சு?”

அப்போதுதான் எனக்குக் கதை தெரிந்தது. க்ரீம், ஒன்பதாம் வகுப்பு, போட்டோக்காரர், எல்லாம். கேட்டுக்கொண்டே காப்பி ஆறியது.

“சரி, ஒனக்கு எரிஞ்சுது. அவன் ஏம்ல சம்மதிச்சான்?”

பேச்சி சிரித்தான். “பந்துக்கு மேல குனியுதோம். ரோஜா வாசம். எங்கிட்ட இருந்துதான் வருதுன்னு ரெண்டடி பின்னால போனேன். பாத்தா அவனும் ரெண்டடி பின்னால போறான். நான் அவன் மூஞ்சியப் பாத்தேன், அவன் என் மூஞ்சியப் பாத்தான். ‘பால்நிலாவா’ன்னு கேட்டான். ஆமான்னேன். ‘எனக்குத் தங்கச்சி டப்பா, ஒனக்கு?’ன்னான். சொந்த டப்பான்னேன். ‘எரியுதால’ன்னான். அழுதுருவேன் போல இருந்துச்சு, செல்வின். அந்த ஒரு கேள்வியத்தான் கேட்டான். ஏன் போடுதன்னு கேக்கல.”

“அதுக்கு ஏம்ல சமன்?”

“ஜெயிச்சவன் மைக்குல பேசணும், போட்டோவுக்கு நிக்கணும். சமன்னா நேரா குழாய்க்குப் போயிரலாம்லா.”

தெருவுக்கு மேலே போட்டிருந்த கூரையைத் தாண்டி வெயில் எங்கேயோ அடித்துக்கொண்டிருந்தது. பேச்சி எழுந்துபோய், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்துவந்தான்.

“மூணு நாளைக்கு முன்னால கெடச்சுது. எம் மக வச்சிருக்கா.”

முத்தரசிக்கு இருபது வயது. அவளை எனக்குத் தெரியும். அம்மா மாதிரி மாநிறம். இயந்திரம் நான்கு என்று சொல்லியிருந்தது. அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பூங்கோதை காப்பி வைக்கும்போதே சொல்லியிருந்தாள். ட்யூப் கறுப்பு நிறம். ‘கார்முகில், ஆறே வாரத்தில் ஆறாம் ரகம்’ என்று வெள்ளை எழுத்து. கீழே பொடி எழுத்தில் கம்பெனி பெயர். எனக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை.

பேச்சி மூடியைத் திறந்து முகர்ந்தான். என்னிடம் நீட்டினான்.

“பால்நிலா போட்ட அதே கம்பெனி. வாசத்தக்கூட மாத்தல பாத்தியா.”

“முத்தரசி” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். அவள் வந்தாள், அப்பா கையில் இருப்பதைப் பார்த்தாள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டு வரும் என்று முகம் தயாராகிவிட்டது.

“எரியுதாம்மா?” என்றான் பேச்சி.

அவள் வெகுநேரம் அப்பாவையே பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையசைத்தாள். அவன் புறங்கையை மகளின் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

நான் ட்யூபை இன்னும் கையில் வைத்திருந்தேன். ரோஜா, கொஞ்சம் பினாயில். ஆளில்லாத அந்த வெள்ளை மைதானமும், கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்ற பந்தும் என் கண்ணுக்குள் அப்படியே இருந்தன. அதை இத்தனை வருடத்தில் யாரும் போய் எடுக்கவில்லை.